ஒரு மாத அவகாசம்

ஒற்றசேகரமங்கலத்துப் பாடும் பறவைகளும் நமது நாள்காட்டியும்

பங்குனி மாதத்து விடியற்காலை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கே, நெய்யாறு வளைந்தோடும் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் நாம் நின்றிருந்தோம். இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் புதுத்தளிர் விட்டிருந்த நேரம் அது. கிழக்கே அகத்தியமலைத் தொடர் நீலக்கோடாகத் தெரியத் தொடங்கியிருந்தது. முற்றத்தின் ஓரத்தில், மண்டை போன ஒரு தென்னை ஏறக்குறைய பதினைந்து அடி உயரத்தில் மொட்டையாக நின்றது. அதன் உச்சியில் அமர்ந்து, கறுப்பும் வெள்ளையுமான ஒரு சிறு பறவை இடைவிடாமல் பாடிக்கொண்டிருந்தது.

"மண்ணாத்திப்புள்ளு" என்றார் வீட்டுக்காரர். களியக்காவிளைப் பக்கமிருந்து மதில் கட்ட வந்திருந்த கொத்தனார், "எங்க ஊர்ல கரிச்சான்" என்றார். மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப் பகுதி இது. பறவைக்கும் இங்கே இரண்டு பெயர்கள். தமிழ்ப் பறவை நூல்கள் இதனைக் குண்டுகரிச்சான் என்று குறிக்கின்றன. வங்கதேசத்தின் தேசியப் பறவையும் இதுவே.

மதில் அந்தத் தென்னை நின்ற இடத்தின் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. இடவப்பாதி மழை தொடங்கும் முன் வேலை முடிய வேண்டும். மரம் அறுக்க வந்த இளைஞர் வாளை எடுத்துக்கொண்டு, "அண்ணா, இண்ணைக்கே முறிச்சிரலாமா?" என்று கேட்டார். அப்போதுதான் வீட்டுக்காரரின் துணைவியார் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். முன்பு எப்போதோ மரங்கொத்தி குடைந்த பொந்துக்குள், புல்லும் நாரும் கவ்விய பெண்பறவை நுழைந்துகொண்டிருந்தது.

அந்த வாளுக்கும் பொந்துக்கும் இடையே இருந்த சில வாரங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பாடுவது யார்? கூவுவது யார்?

பறவையின் ஒலி அனைத்தையும் நாம் பாட்டு என்று சொல்லிவிடுகிறோம். பறவையியலார் பாடும் பறவைகள் எனத் தனியொரு பிரிவை வகுத்துள்ளனர். உலகின் பறவையினங்களில் ஏறக்குறைய பாதி இப்பிரிவைச் சேர்ந்தவை. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் அமைந்த இவற்றின் குரலுறுப்பு மிக நுட்பமானது. அதன் இடப்புறமும் வலப்புறமும் தனித்தனியே இயங்கவல்லவை. ஆதலால் ஒரே பறவை ஒரே நேரத்தில் இரு வேறு ஒலிகளை எழுப்ப இயலும்.

இந்த வகைப்பாட்டில் ஒரு வியப்பு உண்டு. கவிஞர்கள் போற்றும் குயில் பாடும் பறவைகளில் சேராது. நாம் விரட்டும் காகம் சேரும். குரலின் இனிமை இங்கே அளவுகோல் ஆகாது. குரலுறுப்பின் அமைப்பும் பரம்பரையுமே அளவுகோல்கள்.

இன்னுமொரு வேறுபாடு கருதத்தக்கது. குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. காக்கையால் ஊட்டி வளர்க்கப்பட்டாலும், வளர்ந்தபின் அக்குஞ்சு குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறப்போடு வருவது. குண்டுகரிச்சான் போன்ற பாடும் பறவைகளின் நிலை அப்படியன்று. இளம்பறவை தன் இனத்தின் மூத்த பறவைகள் பாடுவதைக் கேட்டு, உள்ளத்தில் பதித்து, முதலில் மழலையாக முனகி, பின்னர் திருத்தித் திருத்தித் தேர்கிறது. நம் குழந்தைகள் பேசக் கற்பதற்கு மிக நெருங்கிய முறை இது.

கற்றுத்தான் வரும் என்றால், கற்பிக்க ஆள் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சில நூறே எஞ்சியிருக்கும் ரீஜென்ட் தேனுண்ணி என்னும் பறவையைப் பற்றி 2021-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. துணையின்றித் தனித்து வளர்ந்த இளம் ஆண்பறவைகள் சில, தம் இனத்தின் பாட்டையே அறியாமல் வேற்றினப் பறவைகளின் ஒலிகளைப் பாடித் திரிவதை அவ்வாய்வு பதிவு செய்தது. அப்பாட்டுக்குப் பெண்பறவைகள் எளிதில் இணங்குவதில்லை. ஓர் ஊரில் பறவைகள் குறையும்போது, எண்ணிக்கையோடு ஒரு மரபும் தேய்கிறது.

பாட்டின் பயன் இரண்டு. "இந்த எல்லை என்னுடையது" என்று பிற ஆண்களுக்கு அறிவிப்பது ஒன்று. துணையை அழைப்பது மற்றொன்று. காற்று அடங்கி ஒலி தெளிவாகப் பரவும் விடியற்காலை அதற்கு உகந்த நேரம். ஆண்பறவையே பாடும் என்ற பழைய எண்ணமும் இன்று மாறிவிட்டது. 2014-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வில், ஆராயப்பட்ட பாடும் பறவையினங்களில் 71 விழுக்காட்டில் பெண்பறவைகளும் பாடுவது தெரியவந்தது.

கூட்டுக்குள் ஒரு மாதக் கணக்கு

ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊர்களில் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டமே பறவைகளின் குடியிருப்பு. தென்னை, கமுகு, பலா, மா, வாழை, மரச்சீனி, குறுமிளகுக் கொடி, வேலியோரச் செம்பருத்தி என அடுக்கடுக்காக அமைந்த இத்தோட்டத்தில் ஒவ்வோர் அடுக்கும் ஒரு பறவைக்கு உரியது.

செம்பருத்திக்கும் வாழைக்கும் இடையே இருப்பது தையல்சிட்டு. அகன்ற இலையின் விளிம்புகளில் கூரிய அலகால் துளையிட்டு, பஞ்சாலும் நாராலும் சிலந்தி இழையாலும் தைத்து, அந்தப் பைக்குள் மெத்தென்ற கூடு அமைக்கிறது. பெரும்பாலும் மூன்று முட்டைகள். ஏறக்குறைய பன்னிரண்டு நாளில் குஞ்சு பொரிந்து, மேலும் இரு வாரங்களில் பறந்துவிடுகிறது.

முற்றத்துக் கொடியிலோ தாழ்ந்த கிளையிலோ, குப்பை தொங்குவது போலத் தோன்றுவது தேன்சிட்டின் கூடு. சிலந்தி வலையால் பிணைத்து, மரப்பட்டைத் துணுக்குகளை வெளியே ஒட்டி, பகைவர் கண்ணுக்குக் குப்பையாகவே தெரியும்படி அது கட்டப்படுகிறது. இரண்டு முட்டைகள், அடைகாக்க இரு வாரம், வளர்க்க இரு வாரத்திற்குச் சற்று மேல்.

வேலிப் புதரில் கிண்ணம் போன்ற கூடு வைப்பது செம்மீசைச் சின்னான். மலையாளிகள் இதன் உயர்ந்த கொண்டையைக் கண்டு இரட்டத்தலச்சி என்பர். இதன் கணக்கும் ஒரு மாதத்திற்குள் முடிந்துவிடும்.

குண்டுகரிச்சானுக்குத் தேவை ஒரு பொந்து. தானே குடையும் ஆற்றல் அதற்கு இல்லை. மரங்கொத்தி விட்டுச்சென்ற குடைவும், பட்ட மரத்தின் வெடிப்பும், பழைய சுவரின் துளையுமே அதற்கு வீடு. நான்கு அல்லது ஐந்து முட்டைகளைப் பெண்பறவை மட்டுமே அடைகாக்கிறது. குஞ்சுகளுக்கு ஊட்டுவதில் ஆணும் பங்கேற்கிறது. கூடு கட்டத் தொடங்கிய நாள் முதல் குஞ்சு வெளியேறும் நாள் வரை சற்றேறக்குறைய ஒரு மாதம், மிஞ்சினால் ஐந்து வாரம்.

பயனற்றது என நாம் கருதும் பட்ட மரம், மரங்கொத்திக்கு உணவிடமாகவும் கரிச்சானுக்கு மகப்பேற்று மனையாகவும் இருப்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஊரில் எத்தனை பசுமை இருந்தாலும், பொந்து இல்லையேல் அப்பறவைக்கு அடுத்த தலைமுறை இல்லை.

சீழ்க்கை அடிக்கும் ஓடைவாசி

எல்லாப் பறவைகளுக்கும் கோடையே இனப்பெருக்கக் காலம் என்று எண்ணிவிடலாகாது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஆற்றை எதிர்த்துக் கிழக்கே சென்றால், 1958-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்கு சரணாலயம் தொடங்குகிறது. 128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காட்டின் ஓடைகளில், பொழுது புலரும் முன்னரே, பள்ளிச் சிறுவன் ஒருவன் மனம்போன போக்கில் சீழ்க்கை அடித்துச் செல்வது போன்ற ஒலி கேட்கும். அது சீகாரப் பூங்குருவி. மலையாளத்தில் சூளக்காக்கை.

இப்பறவை மழையையே தன் பருவமாகக் கொண்டது. தென்மேற்குப் பருவமழையில் ஓடைகள் நிரம்பும்போது, பாறை இடுக்குகளிலும் அருவியோரங்களிலும் பாசியும் வேரும் கொண்டு கூடு கட்டுகிறது. நாள் நீளுவதைக் கண்டு இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாவது வடநாட்டுப் பறவைகளின் இயல்பு. பூமத்திய ரேகைக்கு அருகே நாள் நீளத்தின் மாற்றம் மிகக் குறைவு. ஆதலால் இங்குள்ள பறவைகள் பலவற்றுக்கு மழையும், அதைத் தொடர்ந்து பெருகும் புழு பூச்சிகளும் வலிய குறிப்புகளாகின்றன.

பத்து ரூபாய் நாணயத்தின் எடையில் ஒரு பயணி

புரட்டாசி, ஐப்பசியில் இவ்வூர்த் தோட்டங்களுக்கு விருந்தாளிகள் வந்து சேர்கின்றனர். அவர்களுள் மிகச் சிறியது பச்சைக் கதிர்க்குருவி. நம் கையிலுள்ள பத்து ரூபாய் நாணயத்தின் எடை ஏறக்குறைய 7.7 கிராம். இப்பறவையின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. இமயமலைக் காடுகளிலும் அதற்கு வடக்கேயும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க அது தென்னாட்டுக்கு வருகிறது. காஷ்மீரப் பள்ளத்தாக்கிலிருந்து நெய்யாற்றங்கரைக்கு நேர்கோட்டில் அளந்தாலும் 2,500 கிலோமீட்டருக்கும் அதிகம்.

வந்த விருந்தாளி சும்மா இருப்பதில்லை. ஒரு மரத்தையோ சில மரங்களையோ தன் எல்லையாக வகுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் கூரிய குரல் எழுப்பி அதைக் காக்கிறது. இலைகளின் அடியில் ஒளிந்திருக்கும் சிறு பூச்சிகளே அதன் உணவு. மலைத்தொடரின் மறுபுறம், திருநெல்வேலி மாவட்டத்து முண்டந்துறையில் மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1990-களில் இப்பறவையின் குளிர்கால வாழ்வை ஆராய்ந்தனர். மழையும் பூச்சிவளமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது, அது உடலில் சேமிக்கும் கொழுப்பும் எவ்வாறு மாறுகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்களுள் ஒன்று.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். வலசைப் பறவைக்குக் கொழுப்பே சேமிப்பு. பயணத்திற்கு முந்தைய வாரங்களில் அது மிகுதியாக உண்டு, தோலின் அடியில் கொழுப்பைச் சேர்க்கிறது. நெடுந்தொலைவு பறக்கும் சில பாடும் பறவைகள் தம் இயல்பான எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்வதும் உண்டு. வழியில் இறங்கும் இடங்களில் செலவை ஈடுகட்டிக்கொண்டு மீண்டும் புறப்படுகிறது. ஓரிடத்தில் உணவு கிடைக்காமற் போனால் கையிருப்பு கரைந்து, பயணம் இடையிலேயே முடிந்துவிடும்.

இவற்றுள் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. திசையறிய விண்மீன்களையும், மறையும் கதிரவனின் ஒளியையும், பூமியின் காந்தப்புலத்தையும் அவை பயன்படுத்துவதை 1960-கள் முதல் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் பயணம் மேற்கொள்ளும் இளம்பறவைகள் பல, பெற்றோரின் துணையின்றியே புறப்படுகின்றன. பாட்டைக் கற்க ஆசான் வேண்டியிருக்கிறது. திசையோ குருதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கதிர்க்குருவியோடு மாங்குயிலும், நீண்ட வாலுடைய அரசவால் ஈப்பிடிப்பானும் வருகின்றன. வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் அசைக்கும் காட்டு வாலாட்டி கிழக்காசியாவிலிருந்து வருகிறது. நிழலடர்ந்த தோட்டங்களின் தரையில் சருகுகளுக்கிடையே அதனைக் காணலாம்.

ஆறுமணிக்குருவியையும் இங்கே சொல்லியாக வேண்டும். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் தமிழர் இட்ட பெயர் இது. வகைப்பாட்டின்படி இது பாடும் பறவைகளின் நெருங்கிய உறவினர் மட்டுமே. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு எனப் பல வண்ணம் பூண்ட இப்பறவை, இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு வைத்து, குளிர்காலத்தில் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவுப் பயணத்தில் களைத்து, விளக்கொளியால் தடுமாறி, வீடுகளுக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு. அவ்வாறு கண்டால், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாகச் சில மணி நேரம் ஓய்வளித்து, மாலையில் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எண்ணியவர்கள்

இப்பகுதியின் பறவைகளை முறையாக ஆராய்ந்த பெருமை சலீம் அலியைச் சாரும். அன்றைய திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை அவர் 1933-ஆம் ஆண்டு தொடங்கினார். அவருடைய துணைவியார் தெஹ்மினாவும் முகாம்களில் உடனிருந்தார். அப்பணியின் பயனாக 'திருவிதாங்கூர் கொச்சிப் பறவைகள்' என்னும் ஆங்கில நூல் 1953-இல் வெளிவந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டுடன் இணைந்தது. மனிதர் வகுத்த எல்லை மாறிய பின்னும், நெய்யாற்றங்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் பறவைகள் இன்றும் ஒன்றே.

சலீம் அலி தொடங்கியதைப் பொதுமக்கள் தொடர்ந்தனர். 2015 முதல் 2020 வரை நடைபெற்ற கேரளப் பறவை வரைபடப் பணியில் ஏறக்குறைய ஆயிரம் தன்னார்வலர்கள் பங்கேற்றனர். மாநிலம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பகுத்து, தேர்ந்தெடுத்த கட்டங்களுக்கு வறண்ட பருவத்தில் ஒரு முறையும் மழைப்பருவத்தில் ஒரு முறையும் சென்று எண்ணினர். இரு பருவங்களையும் ஒப்பிட்டால், குடியிருப்போர் யார், விருந்தாளி யார் என்பது விளங்கும். 361 இனங்களைப் பதிவு செய்த அப்பணியில் ஆசிரியர்களும் மாணவர்களும் மருத்துவர்களும் விவசாயிகளும் தோளோடு தோள் நின்றனர்.

இரண்டு நாள்காட்டிகள்

மாசி முதல் வைகாசி வரை நம் நாட்காட்டியைப் பாருங்கள். மழைக்கு முன் வீடு கட்டுகிறோம், கூரையைச் செப்பனிடுகிறோம், மதில் எழுப்புகிறோம், சுவர்த் துளைகளைப் பூசி அடைக்கிறோம், பட்ட மரங்களை அறுக்கிறோம், வேலியை வெட்டித் திருத்துகிறோம். அதே மாதங்களில்தான் கரிச்சானும் தையல்சிட்டும் சின்னானும் முட்டையிடுகின்றன. பறவைகளுக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் பகையால் நேர்வதன்று; இவ்விரு நாட்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் நேர்வது.

சட்டமும் இதைக் கருத்திற்கொண்டுள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 'வேட்டை' என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்குகிறது.

அலட்சியத்தின் விலையைக் கடல் கடந்தும் காணலாம். சிங்கப்பூரில் 1920-களில் சாதாரணமாகக் காணப்பட்ட குண்டுகரிச்சான், 1970-களுக்குள் அரிதாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த மைனாக்களின் போட்டி, வாழிட மாற்றம், கூண்டுக்காகப் பிடித்தல் ஆகியவை அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தோட்டத்தில் எப்போதும் இருக்கும் பறவை என்பதால், அது எப்போதும் இருக்கும் என்று நம்பிவிடுவதற்கில்லை.

செய்ய வேண்டியவை சிறியன. மரம் வெட்டும் முன்பும் வேலி திருத்தும் முன்பும் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். அலகில் நாரோ புழுவோ கவ்விய பறவை ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பச் சென்றால் அங்கே கூடு இருக்கிறது. வேலையை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். இயலாவிடில் வேறு முனையிலிருந்து தொடங்குங்கள். ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை நிற்க விடுங்கள். தோட்டத்தில் பூச்சிமருந்தைக் குறையுங்கள். குஞ்சுகள் புழு தின்றே வளர்கின்றன. வலசைக் காலமாகிய புரட்டாசி, ஐப்பசியிலும் பங்குனி, சித்திரையிலும் தேவையற்ற வெளிவிளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள்.

ஒற்றசேகரமங்கலத்து முற்றத்துக்கு வருவோம். வாளோடு நின்ற இளைஞரிடம் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவே: "பொறு மக்கா, ஒரு மாசம் கழியட்டும்." கொத்தனார் முதலில் முணுமுணுத்தார், வேலையாட்களுக்கு அடுத்த இடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டதாம். பிறகு அவரே வழி சொன்னார். மதிலை மறுமுனையிலிருந்து கட்டத் தொடங்கி, தென்னை நின்ற இடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள்.

ஐந்து வாரங்களுக்குப் பின் தொலைபேசியில் விசாரித்தோம். குஞ்சுகள் வெளியேறிவிட்டனவாம். வேலியோரம் தத்தித் திரிந்தவற்றுள் மூன்றை அந்த அம்மா எண்ணியிருக்கிறார். மறுநாள் தென்னையை அறுத்துவிட்டார்கள். அடிமரம் உளுத்திருந்ததால் அதை விட்டுவைக்க முடியவில்லை. மதில் மழைக்கு இரண்டு நாள் முன்னதாக முடிந்தது. ஆனால் உட்புறத்தில், ஓர் ஆள் உயரத்திற்கு மேலே, கைப்பிடி அளவுள்ள ஒரு துளையைப் பூசாமல் விடும்படி கொத்தனாரிடம் அந்த அம்மா சொல்லியிருந்தார்.

அந்தத் துளை இப்போது காலியாகவே இருக்கிறது. அதற்குள் யார் குடிவருவார் என்பது வரும் பங்குனியில் தெரியும். உங்கள் வீட்டு மதிலிலும் அப்படி ஒரு துளைக்கு இடம் இருக்கக்கூடும்.